தோட்டத்து வீடான சாளையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை முதியோர் தாமே நடந்து போக வழி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தோட்டத்துச் சாளைகளில் வசிக்கும் முதியோர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஈரோடு.

பொருள்: இட்டேரித் தடம் (இருபுறமும் வேலி உள்ள தோட்டத்து வழி), தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை முதியோருக்கு ஏற்றபடி சீரமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் பெரியவர்கள் மட்டும் இருக்கும் சாளைகள் வருசத்துக்கு வருசம் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிடாமல் இல்லை, நாங்கள்தான் போகவில்லை. கட்டுத்தரையில் ரெண்டு எருமை, நாலு வெள்ளாடு, நாங்களே நட்டுத் தண்ணீர் விட்ட தென்னை. இதை விட்டுவிட்டு நாலாவது மாடியில் போய் என்ன செய்வது?

எனக்கு 74 வயது. தார்ச்சாலைக்கு வர இட்டேரியில் முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். பகலில் நடந்துவிடுவேன். பொழுது இறங்கிவிட்டால் மூன்று கம்பத்தில் ஒன்றில்தான் விளக்கு எரிகிறது. போன ஐப்பசி மழையில் டிராக்டர் தடத்தில் கால் சிக்கி விழுந்து என் வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. அப்புறம் அவர் கோயிலுக்குக்கூட வருவதில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. 70 வயது கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளும் வீட்டுக்கே வர 2025-இல் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. படுத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஒத்தாசை, மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் எல்லாமே வீட்டுக்கு வந்துவிட்டால் நடக்க முடிந்தவர்களும் வாசலோடு நின்றுவிடுவோம். ரேஷன் கடையில் நாலு பேரைப் பார்த்தால்தான் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிகிறது. ஒரு வாரம் வராவிட்டால் "ஏன் ஆளைக் காணோம்" என்று தேடி வருகிறார்கள். தனியாக இருப்பவர்களுக்கு அதுதான் காவல்.

ஆகவே முதலில் கேட்பது தடமும் வெளிச்சமும். ரெண்டு பக்கக் கிளுவை வேலியை வெட்டாமல், ஒரு ஓரமாக மூன்றடி அகலத்துக்குச் சமமான நடைபாதை போட்டால் போதும். நடுவில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கத் திண்ணை வேண்டும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, சரி. ஆனால் முதல் படிக்குக் கால் எட்டுவதில்லை. நிறுத்தத்தில் தரையை உயர்த்தி மேடையும் கைப்பிடியும் அமைத்து, பேருந்தை மேடையை ஒட்டியே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு பொதுக் கட்டடத்தில் சாய்தளம் இருந்தும், செங்குத்தாக இருப்பதால் யாரும் அதில் ஏறுவதில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அரசே வகுத்த அளவு. அதையும் திருத்திக் கட்டித் தர வேண்டும்.

மதிப்பீடு போடும் முன், பொறியாளர் ஒருவர் சாளையிலிருந்து நிறுத்தம் வரை எங்கள் நடைக்கு ஈடாக ஒருமுறை கூடவே நடந்து வர உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள முதியோர் சார்பாக,
மனுதாரர்