2024 ஆண்டறிக்கை: ஏழு கதைகள், அழித்த ஒன்று

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் சங்கத்து அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயலவை ஆறு முறை கூடியது, ஏழாவது முறை ஆள் சேராததால் தே தாரே குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கலும் தீபாவளி விருந்தும் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி இந்தக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரம் அனுப்ப வேண்டும், அதனால் இன்று செயலவைக்குத் தேர்வாகிறவர்கள் அடையாள அட்டை நகலைக் கையோடு கொடுத்துவிட்டுப் போங்கள். போன வருஷம் மாதிரி என்னைத் தாமான் தாமானாக, குடியிருப்பு குடியிருப்பாக அலைய விடாதீர்கள்.

சரி, இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். வீடியோ கதைப் பட்டறை. அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம், இரண்டு மூன்று நிமிடம், சொந்தக் குரல், கொஞ்சம் பழைய படம், கொஞ்சம் வீடியோ, அடியில் மெல்லிய இசை, அவ்வளவுதான். நாம் கண்டுபிடித்தது இல்லை இது. 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி போன்றவர்கள் ஆரம்பித்தார்கள், 2001இல் பிபிசி வேல்ஸ் நாட்டில் ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மக்களை உட்கார வைத்து இதே மாதிரி செய்தது. அவர்கள் முறையில் எனக்குப் பிடித்தது, முதலில் கணினியைத் தொடவே கூடாது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கதையை வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நாமும் மண்டபத்தில் பாய் விரித்து அப்படித்தான் செய்தோம்.

முதல் நாளே ஒரு தம்பி, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைப் பற்றி எடுப்பதென்றால் 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டதை, அதிலிருந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது வரலாறு தம்பி, புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் வீட்டில் யார் என்ன பார்த்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேலைக்காட்டுக்குப் போகும்போது கம்பிவேலி வாசலில் பாட்டியின் தூக்குச்சட்டியைத் திறந்து, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறாளா என்று சோதிப்பார்களாம், அதனால் சாகும்வரை யாராவது தன் பையைத் தொட்டால் பாட்டிக்குக் கோபம் வந்துவிடுமாம் என்றார். அதுதான் கதை. இரண்டு நிமிடம் பத்து விநாடியில் முடித்திருக்கிறார், பாருங்கள்.

எல்லாரும் சொன்ன குறை, “எங்ககிட்ட படம் இல்லையே.” உண்மைதான். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரிடம் கேமரா இருந்தது? ரப்பர் தோட்டத்தைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாக்கி லயத்தை உடைத்தபோது இருந்த இரண்டொரு படமும் போயிற்று. அதனால் கையைப் படம் எடுத்தோம், பால் வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு, ரப்பர் கறை போகாத வாளி, குடியுரிமை கிடைக்காத ஒரு தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை என்று கிடைத்ததை எல்லாம் எடுத்தோம். அந்தத் தாத்தாவின் கதையில் மொத்தமே மூன்று படம், அதில் ஒன்று வெறும் காலி நிலம். ஆனால் ஏழிலும் அதுதான் சிறந்தது என்பது என் கருத்து. குரல் நன்றாக இருந்தால் படம் குறைந்தாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

குரல்தான் பாடாய்ப் படுத்தியது. மண்டபத்தில் காற்றாடியை நிறுத்தினால் வேர்க்கிறது, போட்டால் அந்தச் சத்தம் பதிவாகிறது, இரண்டையும் தாண்டினால் நாலு மணிக்குத் தகரக்கூரை மேல் மழை. கடைசியில் என் வீட்டுத் துணி அலமாரிக்குள் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தோம். தொங்கும் சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன, என் மனைவிக்கு நன்றி. இன்னொன்று, எழுதிக் கொடுத்தால் நம்மவர்கள் வானொலிச் செய்தி மாதிரி வாசிக்கிறார்கள். தாளைப் பிடுங்கிவிட்டுப் பேரப்பிள்ளையை எதிரே உட்கார வைத்து “இவனுக்குச் சொல்லுங்க” என்றால் தானாக வந்துவிடுகிறது.

இசைக்கு ஆளாளுக்குப் பழைய சினிமாப் பாட்டு கேட்டார்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவு வெளிவந்து 50 ஆண்டு உரிமை இருக்கிறது, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் இறந்த பிறகும் 50 ஆண்டு. அதை விடுங்கள், அந்தப் பாட்டைப் போட்டால் கேட்கிறவர் படத்தின் கதாநாயகியைத்தான் நினைப்பார், உங்கள் அம்மாவை நினைக்க மாட்டார். நம் பையன்களே உறுமி வாசித்துக் கொடுத்தார்கள். முதலில் உறுமி குரலை மூழ்கடித்துவிட்டது, வெட்டி வெட்டிக் கடைசிப் பத்து விநாடிக்கு மட்டும் விட்டோம்.

எட்டு பேர் சேர்ந்தார்கள், இன்று நீங்கள் பார்க்கப் போவது ஏழு. எட்டாவது கதையைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேச்சு அடிபடுவதால் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் அக்கா தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். மூன்று இரவு உட்கார்ந்து எடிட் செய்தேன், நன்றாக வந்தது. போட்டுக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மோட்டாரில் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்து, “தம்பி, அத அழிச்சிடுங்க. சொன்னதே போதும்” என்றார்.

செயலவையில் சண்டையே வந்தது. இது சமூகத்தின் சொத்து, பெயரை மறைத்தாவது வைத்திருக்கலாம் என்றார் ஒருவர், செலவான நேரத்துக்கு என்ன கணக்கு என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் அழித்துவிட்டேன். கணினியில், கைப்பேசியில், நீக்கியவை 30 நாள் தங்கியிருக்கும் அந்தப் பெட்டியில், வாட்ஸ்அப்பில் தலைவருக்கு அனுப்பியதில் கூட. செயலவை முடிவுக்கு முன் செய்தது தவறு என்றால் கண்டனத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதன்பின் ஒரு விதி எழுதினோம்: முடிந்த கதையைச் சொன்னவரிடம் ஒரு வார இடைவெளி விட்டு இரண்டு முறை காட்ட வேண்டும், இரண்டு முறையும் சரி என்றால்தான் வெளியே போகும். அதற்கு இன்று உங்கள் ஒப்புதல் வேண்டும்.

கதைகளின் நகல் வேண்டுபவர்கள் பென்டிரைவ் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் மங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால்தான் அப்படியே வரும்.

அப்புறம், சங்கத்தின் சட்டைக்காலர் மைக் ஒன்று ஆகஸ்டிலிருந்து காணவில்லை. கல்யாண வீட்டுக்கு என்று வாங்கிப் போனவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் மேசை மேல் வைத்துவிட்டால் போதும்.

செயலாளர்