சூயிங்கம்

வெள்ளவத்தை

அன்புள்ள மச்சான்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது எழுதினால் ஏதோ முறைப்பாடு இருக்கும் என்று நீ நினைப்பாய், சரிதான். அம்மா சுகம், எனக்குச் சீனி வருத்தம் அப்படியே இருக்கிறது. தம்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்தன்று கோயிலில் தீபம் காட்டும் நேரத்தில் அவன் எதையோ மென்றுகொண்டு நின்றான். "சந்நிதியில் என்னடா சூயிங்கம்?" என்று நாலு பேர் கேட்க ஏசிவிட்டேன். அவன் பேசாமல் வாயைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றுமில்லை; நாக்கு மட்டும் தன்பாட்டில் நெளிந்துகொண்டிருந்தது.

புதிய வைத்தியர் அவனைக் கதிரையில் இருத்தி, பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னார். கவனம் கைக்குப் போனதும் வாயின் அசைவு கூடியதை நானே கண்டேன். டாடிவ் டிஸ்கினீசியா என்றார். காதில் குரல்கள் கேட்பதற்காக அவன் எடுக்கும் ஹலோபெரிடோல் குளிசை மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தின் வேலையை ஆண்டுக்கணக்காகத் தடுப்பதால் பிந்தித் தலைகாட்டும் அசைவாம். இந்த வகையில் முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952 இல் பாரிஸில் பாவனைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்குள்ளேயே இதை எழுதி வைத்துவிட்டார்களாம். 17 ஆண்டுகளாகக் கிளினிக் வரிசையில் நின்று பழைய துண்டுக்கே குளிசை வாங்கிய எங்களுக்கு ஒருவராவது ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

மருந்து தொடங்கிய முதல் கிழமையில் அவனுடைய கழுத்து திருகி, கண் மேலே செருகி நின்ற இரவு உனக்கு நினைவிருக்கும். சின்னமாமி தேசிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, நீதான் அவனை முச்சக்கரவண்டியில் ஏற்றினாய். அதுவும் மருந்தின் வேலைதான், ஆனால் வேறு வகை. ஓர் ஊசியோடு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் தவறாமல் கொடுத்துவந்த பென்ஸ்ஹெக்சோல் குளிசை அந்த இறுக்கத்துக்குத்தான் உதவுமாம். இந்த வாயசைவுக்கு உதவாது, சிலவேளை கூட்டியும் விடுமாம். அதை மெல்ல மெல்லக் குறைக்கிறோம்.

ஆத்திரத்தில் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் அசைவு இன்னும் கூடக்கூடும், பழைய குரல்களும் திரும்பி வரும் என்று வைத்தியர் மறித்துவிட்டார். அந்தக் குரல்களோடு அவன் பட்ட பாட்டைக் கண்டவன் நீ. ஹலோபெரிடோலை விட்டு குளோசபைன் என்ற வேறு மருந்துக்கு மாற்றலாம் என்கிறார். தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். இந்த அசைவுக்கென்றே அமெரிக்காவில் 2017 இல் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்ததாம். விலையைக் கேட்டபின் நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன், மச்சான். "நான் அசைக்கவில்லை அண்ணா, அதுவாக அசையுது" என்று அவன் எனக்கே ஆறுதல் சொன்னான். குளிசையில் அவனுக்குக் கோபமில்லை. கோயிலுக்குத்தான் வரமாட்டேன் என்கிறான்.

ஆவணியில் நீ வரும்போது அவனுடைய வாயைப் பார்க்காதே. கரம் பலகையைத் துடைத்து வைத்திருக்கிறான். வழமைபோல அவனிடம் தோற்றுவிட்டுப் போ. அதற்கு நீ நடிக்கவும் தேவையில்லை.

அன்புடன்,
உன் மச்சான்