கழுதைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தாசு,

ஏழு மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டி முடித்திருப்பாய். மிச்சமிருந்தால் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. எனக்குச் சர்க்கரை அப்படியேதான்.

விஷயம் வேறு. போன ஞாயிறு பள்ளி வகுப்பில் நல்ல சமாரியன் கதை சொல்லும்போது ஒரு குட்டிப்பெண், "அந்தச் சமாரியர் ஜனமெல்லாம் இப்ப எங்க சார் இருக்காங்க?" என்று கேட்டாள். "அவங்க எப்பவோ அழிஞ்சுபோயிட்டாங்க" என்றேன், பெரிய பண்டிதன் மாதிரி. ராத்திரி உறுத்தியது. தேடிப் பார்த்தால், இருக்கிறார்கள்லே! எண்ணூறு பேருக்கு மேல். பாலஸ்தீனத்தில் நாப்லுஸ் ஊர்ப் பக்கம், அவர்கள் புனிதமாக நினைக்கிற கெரிசீம் மலைமேல் பாதிப்பேர், டெல் அவிவ் அருகே ஹோலோனில் பாதிப்பேர். இன்றைக்கும் பஸ்கா பண்டிகைக்கு மலையில் ஆடு அடிக்கிறார்கள். கூடாரப் பண்டிகைக்கு வீட்டுக்குள்ளேயே கூரையடியில் மாதுளை, எலுமிச்சை என்று பழமாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் இவர்கள் நூற்றைம்பது பேர்கூடத் தேறவில்லையாம். நம் தெருவிலேயே அதைவிட ஆள் அதிகம்.

அதோடு விட்டிருந்தால் தூங்கியிருப்பேன். 'அசீரியா ராஜா இஸ்ரவேலரை வாரிக்கொண்டு போனான், வெளியாட்களைக் குடிவைத்தான், அந்தக் கலப்புதான் சமாரியர்' என்று முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கிறேனே. பிடித்துப்போனது 27,290 பேர் என்று அந்த அசீரியா ராஜா சர்கோனே கல்வெட்டில் சொல்கிறான். அவன் குறைத்தா சொல்லியிருப்பான்? மிச்ச ஜனம் அங்கேயே உழுதுகொண்டு இருந்திருக்கிறது. எருசலேம் யூதருக்கும் சமாரியருக்கும் நடந்த பங்காளிச் சண்டையில் ஒருத்தன் வீட்டில் மட்டும் காப்பி குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறோம், நீயும் நானும்.

யிட்ஸ்ஹாக் மாகேன் என்கிற அகழ்வாராய்ச்சிக்காரர் 1982 முதல் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கெரிசீம் மலையைத் தோண்டினார். அங்கே இருந்த சமாரியர் கோவிலை அலெக்சாந்தர் காலத்தில் கட்டியதாகப் பழைய யூத சரித்திரக்காரர் ஜோசிபஸ் எழுதியது சரியில்லை, நெகேமியா காலத்திலேயே, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வழிபாட்டிடம் இருந்தது என்கிறார். கிட்டத்தட்ட 400 கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் சிமியோன் மகன் தெலாயா, தனக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் கல் கொடுத்திருக்கிறான். நம் ஊர் ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற கதைதான்! வெளியாள் பெயரா அது?

இதைக் கேள். உபாகமம் 27:4. யோர்தானைக் கடந்ததும் கல் நாட்டிப் பலிபீடம் கட்ட வேண்டிய மலை, நம் வேதத்தில் ஏபால். சமாரியர் பிரதியில் கெரிசீம். அவர்கள்தான் திருத்திவிட்டார்கள் என்று நம் சபைப் போதகர் ஐயர் சொன்னது நினைவிருக்கிறதா? ஆனால் கிறிஸ்தவர்கள் வைத்திருந்த ஒரு பழைய லத்தீன் பிரதியிலும் கெரிசீம் என்றே இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு அதில் என்ன லாபம்? திருத்தியது எருசலேம் பக்கம்தான் என்று ஸ்டெஃபான் ஷோர்ச் முதலான ஆய்வாளர்கள் சிலர் வாதாடுகிறார்கள். இந்த ஷோர்ச்தான் சமாரிய ஐந்தாகமத்தை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை அவர்கள் வைத்திருக்கிற வடிவத்தைப் பாடபேதங்களோடு பதிப்பிக்கிறவர். லேவியராகமம் 2018இல் வந்தது, ஆதியாகமம் 2021இல். 'கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடம்' என்று நாம் படிப்பது, இனிமேல் வரப்போகிற எருசலேம் என்று நமக்கு; அவர்களுக்கு 'தெரிந்துகொண்ட இடம்', ஏற்கெனவே குறித்தாகிவிட்ட கெரிசீம். எபிரெயத்தில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்தை நினைத்து இரண்டு ராத்திரி விழித்திருந்தேன்.

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பத்துக் கட்டளையில் பத்தாவதாக, கெரிசீமில் பலிபீடம் கட்டு என்று சேர்த்தது அவர்கள் கைவேலை. சவக்கடல் பக்கம் கும்ரானில் கிடைத்த பழைய யாத்திராகமச் சுருளில், அவர்கள் பிரதியில் உள்ள மற்ற விரிவுகள் இருந்தும் அது மட்டும் இல்லை.

கெரிசீம் கோவிலை இடித்தது யார் தெரியுமா? அந்நியன் இல்லை. எருசலேமின் பிரதான ஆசாரியன் யோவான் ஹிர்கானு. சீகார் கிணற்றடியில் இயேசுவிடம் அந்தச் சமாரியப் பெண் 'இந்த மலை' என்று கை காட்டினாளே, அப்போது அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக இடிபாடுதான். எத்தனை தடவை படித்திருக்கிறோம், ஒருதரமாவது அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோமா தாசு?

வருகிற ஞாயிறு அந்தக் குட்டிப்பெண்ணிடம் தப்பாகச் சொன்னேன் என்று சொல்லவேண்டும். நீ கொண்டுபோன என் வேதாகம அகராதியை அதற்குள் அனுப்பு. இந்த வருஷமும் நல்ல சமாரியன் நாடகம் இருக்கிறது. கழுதைக்கு இன்னும் ஆள் அமையவில்லை.

இப்படிக்கு,
உன் சத்திரக்காரன்