இரண்டு பாகத்தையும் ஒரே நாளில் காட்டுங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். ஹாங்காங் படங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கும்போது 'எ சைனீஸ் ஒடிஸி'யைச் சேர்த்தால், முதல் பாகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இதைக் கேட்கவே இந்த மடல். சப்டைட்டில் எழுதும் நாங்களும் திரையிடும் நீங்களும் சேர்ந்து சரிசெய்யக்கூடிய சில வேலைகளையும் இதிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஜெஃப்ரி லாவ் இயக்கி ஸ்டீபன் சௌ நடித்த இந்தப் படம் 1995 சீனப் புத்தாண்டையொட்டி வெளிவந்தது. முதல் பாகம் ஜனவரி 21, இரண்டாம் பாகம் பிப்ரவரி 4. இரண்டும் ஒரே கதை. கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருவன் 500 ஆண்டு பின்னோக்கித் தூக்கியெறியப்படுவதோடு முதல் பாகம் முடிகிறது. அங்கே எல்லோரும் அவனைக் குரங்கு மன்னன் சுன் வூகோங் என்றே நினைக்கிறார்கள். அவன் காலடியில் இருக்கவேண்டிய மூன்று மச்சங்கள், காலத்தைத் திருப்பும் பெட்டி என்று முதல் பாகத்தில் விதைத்தவை எல்லாம் இரண்டாம் பாகத்தில்தான் முளைக்கின்றன. முதல் பாகத்தை மட்டும் பார்த்தவர் சத்தமான பேய்ச் சிரிப்புப் படம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒவ்வொரு பாகமும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நடுவில் 15 நிமிட இடைவேளை விட்டால் மூன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று மணி நேரப் படத்துக்குப் பழகிய நம் பார்வையாளருக்கு இது பெரிய நேரமே இல்லை.

அடுத்தது முன்னுரை. இந்தப் படத்தின் சிரிப்பில் பாதி, மூலக்கதையான 'மேற்குப் பயணம்' என்ற சீன நாவலைத் தலைகீழாக்குவதில் பிறக்கிறது. சீனத்தில் அந்தக் கதை குழந்தைக்கும் தெரியும். நம் அரங்கில் பலருக்குத் தெரியாது. பத்து நிமிடம் பேசினால் போதும், ஆனால் சரியானதைப் பேசவேண்டும். யுவான் சுவாங்கிலிருந்து தொடங்குங்கள். பள்ளிப் பாடத்தில் படித்த பெயர். ஏழாம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடி இந்தியா வந்தவர், காஞ்சிபுரத்தையும் கண்டு, நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதிவைத்தவர். அந்தப் பயணத்தைச் சுற்றிப் பல நூற்றாண்டுகள் வளர்ந்த கதைகள்தான் 'மேற்குப் பயணம்' என்ற அந்த 100 அத்தியாய நாவலாயின. இன்று கிடைக்கும் பழைய பதிப்பு 1592இல் நான்ஜிங்கில் அச்சானது.

அதன் பிறகு சொல்லவேண்டியவை சில. கல்லிலிருந்து பிறந்த வூகோங் தேவலோகத்தையே எதிர்த்துக் கலகம் செய்கிறான். புத்தர் அவனை 500 ஆண்டு மலையடியில் அமுக்கி வைக்கிறார். துறவி யுவான் சுவாங்கோடு மேற்கே போவதுதான் அவனுக்குக் கிடைத்த விடுதலை. துறவியின் சதையைத் தின்றால் சாவே இல்லை என்பதால் வழியெல்லாம் பேய்கள் காத்திருக்கின்றன. நாவலின் 27ஆம் அத்தியாயத்தில் வெள்ளெலும்புப் பேய் மூன்று முறை வேடம் மாறி வருகிறாள், மூன்று முறையும் வூகோங் அடிக்கிறான். படத்தில் அவளே அவன் காதலி. எருது அரசன் நாவலில் வூகோங்கின் பழைய கூட்டாளி. எருது அரசனின் மனைவி இரும்பு விசிறி இளவரசிக்கு வூகோங்கின்மேல் தீராத கோபம், காரணம் அவள் மகன். படத்தில் அந்தக் கோபம் கைவிடப்பட்ட காதலியின் கோபமாகிவிடுகிறது. நாவலின் துறவி பயந்த சுபாவமுள்ள பக்திமான். படத்தின் துறவி பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், காவலுக்கு நிற்கும் பேயே தாங்கமுடியாமல் உயிரை விட்டுவிடும். அந்த வேடத்தில் நடித்த லோ கார்யிங் கான்டனீஸ் இசைநாடகக் கலைஞர். அவர் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டால்தான் அந்தக் காட்சியின் சுவை புரியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தங்கத் தலைப்பட்டை. நாவலின் 14ஆம் அத்தியாயத்தில் வூகோங்கை ஏமாற்றி அதை மாட்டிவிடுகிறார்கள். துறவி மந்திரம் சொன்னால் அது இறுகி மண்டையைப் பிளக்கும். இந்த அளவுக்கு முன்னுரையில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் அவனே அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான் என்பதை மேடையில் சொல்லிவிட்டால் படத்தின் உயிரையே எடுத்துவிட்டீர்கள். பட்டையின் கதையைச் சொல்லாமலே விட்டாலும் கெடுதிதான், பார்ப்பவருக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரியும்.

அனுமனோடு ஒப்பிடுவதைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வூகோங்கின் மூலம் அனுமன் என்று சீன அறிஞர் ஹூ ஷி சொன்னார், சீன நீர்ப்பேய் ஒன்றுதான் மூலம் என்று சீன எழுத்தாளர் லூ சுன் சொன்னார், அந்த வாதம் சுவையானது. ஆனால் முதலிலேயே அனுமன் என்ற பெயர் காதில் விழுந்தால் நம் பார்வையாளர் பக்தியை எதிர்பார்த்து உட்காருவார். வூகோங்கின் தொடக்கம் கலகம்.

இனி ஒலி. ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் ஒலியோடு காட்டுங்கள். ஸ்டீபன் சௌவின் சொந்தக் குரல் அதில்தான் இருக்கிறது. சீன மண்ணில் 1995இல் எடுபடாத படம், பின்னர் வி.சி.டி. வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் பல்கலைக்கழக மாணவரிடையே பரவியது. அங்கே அவர்கள் கேட்டது பின்னணிக் குரல் கலைஞர் ஷி பான்யூ சீனப் பொதுமொழியான மாண்டரினில் கொடுத்த குரலை. அதற்கும் ரசிகர் உண்டு, அதுவும் நல்ல வேலைதான். ஒன்றைத் தேர்ந்துகொண்டு இரண்டு பாகத்துக்கும் அதையே வையுங்கள். பழைய வி.சி.டி.யிலிருந்து எடுத்த கோப்பில் இடது ஒலித்தடத்தில் ஒரு மொழியும் வலதில் இன்னொரு மொழியும் இருக்கலாம். அப்படியே ஓட்டினால் அரங்கில் இரண்டு குரலும் ஒன்றாகக் கத்தும். பிளேயரில் ஒரு தடத்தை மட்டும் தேர்ந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்புங்கள். வி.சி.டி. படத்தின் அளவு 352×288 மட்டுமே என்பதால், வேறு வழியே இல்லாவிட்டாலொழிய அதைப் பெரிய திரைக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டுக்கு வாங்கிய டிஸ்க்கைப் பொதுவில் காட்ட அது மட்டும் போதாது, உரிமை வைத்திருப்பவரிடம் தனியாகக் கேட்கவேண்டும்.

சப்டைட்டில் தவறுவது பெரும்பாலும் வேகத்தில். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படம் 25 பிரேமுக்கு மாறிய டிஸ்க்குகளில் 4 சதவீதம் வேகமாக ஓடும். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். ஒன்றுக்கு எழுதிய கோப்பை மற்றொன்றில் போட்டால் முதல் காட்சியில் சரியாகவே இருக்கும், முடிவில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகிப்போகும். ஆகவே சோதனையின்போது கடைசி வசனத்தைத்தான் பார்க்கவேண்டும். தொடக்கம் சரி, முடிவு தவறு என்றால் எல்லா நேரக்குறியையும் ஒரே விகிதத்தில் பெருக்குங்கள். தொடக்கமே தவறு, வித்தியாசம் கடைசிவரை மாறவில்லை என்றால் எல்லா நேரக்குறியையும் அதே அளவு முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். 2017இல் சீனாவில் மறுபடி வெளியான இரண்டாம் பாகத்தில் 11 நிமிடம் கூடுதல். அதற்கு இந்த இரண்டு வழியும் உதவாது, தனிக் கோப்பு வேண்டும்.

தமிழ்க் கோப்பை யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். சில பிளேயர்களில் கெ, கொ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும். அரங்கின் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தால்தான் இது தெரியவரும். படம் வடமேற்குச் சீனாவின் நிங்சியாவில், யின்சுவான் நகரை அடுத்த சென்பெய்பு படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டது. மணலும் மண்சுவருமான இடம். வெறும் வெள்ளை எழுத்து அதில் கரைந்துவிடும், கறுப்பு விளிம்பு கட்டாயம் வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். சிரிப்பு வெடிக்கும் சொல்லை அடுத்த சப்டைட்டிலுக்குத் தள்ளுங்கள், நடிகர் வாய் திறக்குமுன் அரங்கம் சிரித்துவிடக்கூடாது.

மொழிபெயர்ப்பவர் கட்டாயம் கவனிக்கவேண்டிய இடங்கள் இரண்டு. காதலியின் தற்கொலையைத் தடுக்க நாயகன் நிலவொளியில் பெட்டியைத் தூக்கி, திரும்பத் திரும்பக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவான். அங்கே ஒவ்வொரு முறையும் அதே வசனத்துக்கு அதே தமிழ் வரி வரவேண்டும். அலுக்கும் என்று நினைத்து மாற்றி எழுதினால் காட்சி செத்துவிடும். இரண்டாம் பாகத்தில், கழுத்தில் வாள் நிற்கும்போது உயிர் பிழைக்க அவன் சொல்லும் பொய்க் காதல் வசனம் ஒன்று உண்டு. பின்னர் தலைப்பட்டையை அணியும் நேரத்தில் அதையே மனம் உருகிச் சொல்வான். இந்த இரண்டு இடத்திலும் தமிழ் வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு பாகத்தையும் இரண்டு பேர் மொழிபெயர்த்தால், பெயர்களின் எழுத்துக்கூட்டலை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிறுவர் காட்சியாக இதை அறிவிக்காதீர்கள். உடல் சார்ந்த கொச்சைச் சிரிப்பு நிறைய உண்டு, முதல் பாகத்தில் நாயகனின் இடுப்புக்குக் கீழே பற்றிய தீயைக் கூட்டாளிகள் மிதித்து அணைக்கும் காட்சி உட்பட. அதை வெட்டவும் வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டையும் காட்ட அரங்கம் கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த நாளில் வையுங்கள், ஒரு வாரம் தள்ளாதீர்கள். இரண்டாம் நாள் புதிதாக வருபவருக்காக முதல் பாகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் ஓட்டுங்கள். நுழைவுச்சீட்டை இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒன்றாகவே கொடுங்கள். தமிழ் சப்டைட்டில் கோப்பைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் திரையிடலுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம், நொடிக்கு எத்தனை பிரேம் என்ற மூன்று விவரமும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஹாங்காங் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவோர் சிலர்