தலைக்குத் தக்கன ஹெல்மெட் குடுங்கய்யா

ஹெல்மெட் கம்பெனி முதலாளிமாருக்கு வணக்கம்.

நான் தேனிப் பக்கம் கூடலூர்ல இருந்து தினமும் ஸ்கூட்டர்ல மலை மேல கேரளாவுல இருக்குற குமுளிக்கு ஏறி ஒரு ஏலக்கா கடைல கணக்கு எழுதுறவ. சட்டம் உங்களுக்குத் தெரியாததில்ல, 2021 ஜூன்ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட் விக்கவே கூடாதுன்னாங்க, யாவாரம் நல்லாத்தான் போகுது. தலைல இல்லேன்னா இங்கிட்டு ஆயிரம் ரூவா, மலைக்கு அங்கிட்டு 500, அங்க 2023ல இருந்து கேமராவே புடிக்குது. அதெல்லாம் சரிதான். போட மாட்டேன்னா சொல்றேன்? என் தலைக்கு ஒண்ணு குடுங்கன்னுதான் கேக்குறேன்.

என் தலை 54 செண்டிமீட்டர். புருவத்துக்கு மேல டேப்பு சுத்தி மூணு தடவ அளந்து பாத்துட்டேன். கம்பத்துலயும் தேனிலயும் ஏறி எறங்காத கடை இல்ல, எங்க பாத்தாலும் 580, 600 ஸ்டிக்கர்தான், அதாவது 58, 60 செண்டிமீட்டர். "உள்ள ஒரு துண்டக் கட்டிக்கங்கக்கா, டைட்டாயிரும்"ங்குறாரு கடைக்காரத் தம்பி. கட்டுனேன். அடிவாரத்துல வேர்த்து ஒழுகுது, மேல போனா பனில அதே துண்டு நனைஞ்சு காதுக்குள்ள ஊதக்காத்து.

போன வாரம் இரைச்சல் பாலம் தாண்டி மேல ஏறுறேன், நல்ல மூடுபனி, வைசர்ல ஆவி புடிச்சிருந்துச்சு. வளைவுல தலையத் திருப்புனா தலை மட்டும் திரும்புது, ஹெல்மெட் நேராவே நிக்குது, அப்படியே சரிஞ்சு கண்ண மறைச்சிருச்சு, எதுக்க தோட்டத்து ஜீப்பு ஆரன் அடிச்சுக்கிட்டே எறங்குது. ஒரு கையால ஹெல்மெட்டத் தூக்கிக்கிட்டு ஒரு கையால வண்டிய ஓரங்கட்டுனேன். ஸ்ட்ராப்பு இறுக்கித்தான் போட்டுருந்தேன், இந்தா கழுத்துல தடம் இருக்கு. உள்ள இருக்குற தெர்மாகோல் அடியத் தாங்கும்ங்குறீங்க, அது தலையோட ஒட்டி இருந்தாத்தானய்யா தாங்கும்?

லேடீஸ் ஹெல்மெட் இருக்கேன்னு சொல்லாதீங்க. அதையும் பாத்தேன். அதே 580, ரோஸ் கலரு, மேல ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர், 150 ரூவா கூட. இல்லேன்னா காதையும் மூடாத தாடையையும் மூடாத அரைச்சட்டி. என் தம்பிக்கு டிராகன் படம் போட்டது, கொம்பு வச்சது, கண்ணாடி மாதிரி மின்னுறது எல்லாம் அவன் சைஸ்லயே கெடைக்குது, எங்களுக்குப் பெயிண்டு மட்டும் மாத்துனாப் போதும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? கொண்டை ஊசி வளைவுல தெனம் போறவ கொண்டை போட முடியாது, பூ வைக்க முடியாது, சரி அது போகட்டும்னு சடையும் பின்னிப் பாத்தாச்சு. அழகா இருக்கணும்னு ஆசையில்லாம இல்ல, ஆனா இப்ப அதக் கேக்குற நெலமைலயா நான் இருக்கேன்?

ஆன்லைன்ல சின்ன சைஸ் இருக்கும்பீங்க. செருப்பே கால்ல போட்டு நாலு எட்டு நடந்து பாத்துத்தான வாங்குறோம், உசுரு காக்குறத போட்டோவ பாத்து வாங்கணுமா?

சரி, கோவத்துல கூடப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க. கேக்குறது ஒண்ணுதான். சின்ன சைஸும் கடைக்கு அனுப்புங்க, போட்டுப் பாத்து வாங்குறோம். ஜூன் மழை புடிக்கிறதுக்குள்ள கம்பத்துக்கு 540ல ரெண்டே ரெண்டு அனுப்புனாலும் போதும், ஒண்ணு எனக்கு, ஒண்ணு பின்னாடி உக்காந்து வர்ற எங்க மதினிக்கு. கலரு எதுன்னாலும் பரவால்ல. ரோஸ் மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
கூடலூர்க்காரி ஒருத்தி