வெண்கலச் சர்ப்பமும் பிரசங்கியார் படமும்

ஐயா,

பணமும் கைபேசியுமே இன்றைய விக்கிரகங்கள் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். சரிதான், பொருளாசையை விக்கிரகாராதனை என்றே வேதாகமத்தில் கொலோசெயர் 3:5 சொல்கிறது. ஆனால் நல்லவையும் விக்கிரகமாகிவிடும் என்பதைத் தலையங்கம் தொடவில்லை. பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி, கடவுள் சொல்லி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே பிற்காலத்தில் மக்கள் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட வேண்டியதாயிற்று (2 இராஜாக்கள் 18:4). இன்று அந்த இடத்தில் பிரபல பிரசங்கியார்களை வைத்திருக்கிறோம்.

எங்கள் சபையில் ஒரு போதகர் மாற்றலாகிப் போனதும், அவர் படத்தை வீட்டில் மாட்டியிருந்த சில குடும்பங்கள் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டன. அப்புறம், இத்தனை நாளும் யாரைத் தேடி வந்தார்களாம்? கூட்டச் சுவரொட்டிகளில் பிரசங்கியாரின் படம் போடுவதைச் சபைகள் முதலில் நிறுத்தட்டும். இடமும் நேரமும் போட்டால் போதும்.

- சபை உறுப்பினர் ஒருவர்