பிரசவ அறுவைக்குப் பின் வரும் தொற்றைத் தடுக்க வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பணி ஓய்வு பெற்ற அரசுச் செவிலியர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: அரசு மருத்துவமனைகளில் ஏற்படும் தொற்றைத் தடுத்தல், வீடு திரும்பிய பின் தையல் புண் சீழ் பிடிப்பதைக் கணக்கில் சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மருமகளுக்கு இம்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் சிசேரியன் நடந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாகத்தான் வீடு வந்தார்கள். அப்புறம் காய்ச்சல், தையலில் சீழ். தனியாரிடம் போய்த் தையலைப் பிரித்து, தினமும் டிரெஸ்ஸிங் செய்து, விலை கூடிய ஊசிகள் போட்டுத்தான் ஆறியது. உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் அவள் அழுததைப் பார்த்தவள் நான். ஆனால் அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டில் அவள் நலமாகப் போனவள். அவளுக்குச் சீழ் பிடித்தது அங்கே யாருக்கும் தெரியாது.

அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் புண்ணில் வரும் தொற்றை மருத்துவமனைத் தொற்றாகவே எண்ண வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. சிசேரியன் ஆனவர்களோ சில நாட்களில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பலருக்குச் சீழ் அதன் பிறகுதான் தெரிகிறது. கணக்கில் வராததை எப்படித் தடுப்பது?

இதற்குப் புதிய ஆட்கள் வேண்டாம். கிராம சுகாதார செவிலியர்கள் பிரசவமான வீடுகளுக்கு ஏற்கெனவே போகிறார்கள். குழந்தையைப் பார்க்கும்போதே தாயின் தையலையும் பார்த்து, சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் அறுவை நடந்த மருத்துவமனைக்கே தகவல் சொல்லலாம். அவர்களுக்கு எழுத்து வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எனவே தனிப் பதிவேடு கேட்கவில்லை, இருக்கிற பதிவேட்டில் ஒரு கட்டம் போதும். மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு மாதந்தோறும் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சரியாக ஓடியதா, அறுவைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசி போடப்பட்டதா என்று தேட முடியும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவராகத் தாங்கள் உத்தரவிட்டால் இது நடக்கும்.

அடுத்தது கை கழுவுதல். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், குளோரின் கலந்த நீரில் மருத்துவர்களைக் கை கழுவ வைத்தே பிரசவ வார்டில் தாய்மார் சாவைக் குறைத்தார். செவிலியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரவில் ஒரே ஆள் வார்டு முழுவதையும் பார்க்கும்போது, குழாய் வராந்தாக் கோடியில் இருந்தால் கட்டிலுக்குக் கட்டில் எப்படிப் போய்க் கழுவி வருவார்? ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் சானிடைசர் தொங்க வேண்டும். 20, 30 விநாடி தேய்த்தால் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, கிளிசரின் கொண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் மருத்துவமனை மருந்தகத்திலேயே தயாரிக்கலாம். ஆனால் கையில் ரத்தமோ அழுக்கோ பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். ஆகவே கோடையிலும் பிரசவ வார்டுக்குத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, நம்மைப் போன்ற நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்றாவது வருகிறது. 1986இல் சென்னையில் எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி.யை இந்தியாவிலேயே முதலில் கண்டறிந்தது வேலூர் சி.எம்.சி. ஆய்வகம். இந்த ஊரில் நுண்ணுயிரியல் அறிவுக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி.யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் வட்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரவும், சீழ் மாதிரிகளைச் சோதித்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லவும் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்